ஓடுபாதை தெரியும் படம்

2006 ஒக்டோபர் 8

கௌரி அக்காவைப் பார்க்கக் கல்கிசையிலிருந்து வந்தார்கள். நான் குசினியில் வடை பொரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். மாப்பிள்ளை கதைக்கவில்லை. தாய்தான் கதைத்தா. சீதனத்தை நேரே கேட்காமல் சுற்றி வந்து கேட்டா. அப்பா வசாவிளான் வீட்டைச் சொன்னார்.

"வீடு நிக்குதோ?"

"காணி உறுதி பத்திரமா இருக்கு."

"உறுதி கடதாசிதானே அண்ணை. நான் வீட்டைக் கேட்டன்."

தொண்ணூறில் அங்கிருந்து ஓடியபோது எனக்கு ஒரு வயது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஆமி மட்டும்தான். எங்கள் ஆட்கள் ஒருவரும் உள்ளே போனதில்லை. புரோக்கர் தியாகராசா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பாப்பம், பாப்பம்" என்றார். எதைப் பார்ப்பது?

ஒக்டோபர் 10

ஸவாஹிர் நானாவின் கொமினிகேஷன் கடையில் எனக்கு வேலை போட்டோக்கொப்பி எடுப்பது, இன்டர்நெட்டுக்கு வருபவர்களுக்குக் கொம்பியூட்டரைத் திறந்து கொடுப்பது. அதிகம் வாய் திறக்கத் தேவையில்லை. மூன்று வருடத்துக்கு முன் வெள்ளவத்தைக்கு வந்ததோடு என் படிப்பு முடிந்துவிட்டது.

இன்று ஒருவர் புத்தளத்திலுள்ள தன் வீட்டைச் செய்மதிப் படத்தில் பார்த்தார். முற்றத்தில் தன் லொறி நிற்பதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். அவர் போன பிறகு நான் படத்தை வடக்கே நகர்த்திக்கொண்டு போனேன். எங்கள் ஊரை ஒட்டிய ஆமியின் பலாலி விமான ஓடுபாதை, அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி, வெள்ளையாகக் கிடந்தது. கண்டதும் மூடிவிட்டேன். ஏன் மூடினேன்?

ஒக்டோபர் 12

அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஓடுபாதையின் முனையில் விரலை வைத்து, ரோட்டோடு இறங்கி, சந்தி, கோயில், கிணறு என்று வந்து நின்றார். "இந்தா." அவருடைய நகத்தளவில் ஒரு வெளிர் சதுரம். "கூரை தெரியுது, பார்."

நானா எட்டிப் பார்த்தார். நோன்பில் வாடிய முகம். "ராசரத்தினம் அண்ணன், இது ஆமி ஈக்கிற எடம். பாத்தது போதும். பிரின்ட் எல்லாம் வேணாம்."

"ஓம், ஓம்" என்றார் அப்பா. வெளியே வந்ததும் என் காதுக்குள், "ஒண்டே ஒண்டு எடு பிள்ளை. அக்காவின்ரை விஷயம்."

ஒக்டோபர் 13

நானா ஜும்மாவுக்குப் போன நேரம் பிரின்ட் எடுத்தேன். அம்மா கத்தரிக்கோலால் ஓடுபாதை இருந்த பக்கத்தை வெட்டி அடுப்பில் பிடித்தா. முழுக்க எரியும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஒக்டோபர் 17

கடையில் ஆளில்லை. செய்மதியைப் பற்றித் தேடி வாசித்தேன். ஆங்கிலம், அரைவாசி விளங்கவில்லை. துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடுகிறதாம். ஓர் இடத்துக்கு மேலே எந்த நாள் வந்தாலும் அங்கே காலை பத்தரை அளவில்தான் வருமாம். வெயில் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து விழவேண்டும் என்றே அப்படி விட்டிருக்கிறார்கள். அப்போதுதான் பழைய படத்தையும் புதிய படத்தையும் வைத்து, என்ன மாறியது என்று பிடிக்கலாம்.

எங்கள் வீட்டைத் திரும்பவும் பெருப்பித்துப் பார்த்தேன். பனைகளின் நிழல் எல்லாம் மேற்கே சாய்ந்து கிடந்தது. காலை வெயில், சரி. ஆனால் வீட்டுச் சதுரத்துக்கு உள்ளேயும் நிழல். ஒவ்வொரு அறையிலும் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. மேலே கூரை இருந்தால் அறைக்குள் சுவரின் நிழல் எப்படித் தெரியும்?

கூரை இல்லை. அப்பா கண்டது வெறும் நிலம்.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 18

பத்தரைக்குக் கடை வாசலில் நின்று மேலே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அது பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

ஒக்டோபர் 22

தீபாவளிக்கு அடுத்த நாள். மாப்பிள்ளையின் தாய், கல்கிசை மாமி, கண்ணாடி போட்டுப் படத்தைப் பார்த்தா. "இது ஆரின்ரை வீடெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? பாண் துண்டு மாதிரிக் கிடக்கு." மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவும் சிரித்தா.

தியாகராசா சொன்னார்: "ஓடுபாதையோடை முழுப்படம் தாங்கோ அண்ணை. பலாலி எண்டு அதுவே சொல்லும். பிறகு ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது."

அம்மா வேண்டாம் என்று தலையாட்டினா. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்கள் பார்த்தால் எனக்கு எங்காவது ஒளியத் தோன்றும். ஓம் என்றேன், பார்வையை எடுக்கட்டும் என்று.

ஒக்டோபர் 23

எடுத்துக் கொடுத்துவிட்டேன். தியாகராசா அதை நாலாக மடித்துச் சாதகக் கட்டுக்குள் வைத்தார்.

நவம்பர் 5

சம்மதமாம். தையில் கலியாணம். அக்கா குளிக்கும்போது பாடுகிறா. கூரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டது நல்லது.

நவம்பர் 14

தியாகராசாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். சாதகக் கட்டைப் பிரித்திருக்கிறார்கள். அவருடைய மனைவி பொலிசுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் எடுத்தா. "படம் ஆர் தந்ததெண்டு கேட்டு அடிச்சிருக்கிறாங்கள். முகம் வீங்கிக் கிடக்கு." அவ்வளவுதான், வைத்துவிட்டா.

அம்மா வெட்டின படத்தையும் எரித்தா. ஒருவரும் சாப்பிடவில்லை.

நவம்பர் 15

வந்திட்டாங்கள். நாலு பேர். ரெண்டு பேருக்கு யூனிபோம் இல்லை. முழுப்படத்தை அப்பாவின்ரை முகத்துக்கு முன்னாலை பிடிச்சு, "கவுத கத்தே?" ஆர் எடுத்தது?

"மம." நான் எண்டார் அப்பா. அந்த ஒரு சொல்தான்.

நான் பிரிட்ஜுக்குப் பக்கத்திலை நிண்டனான். வாய் திறக்கேல்லை. என்ரை வாய் ஏன் திறக்கேல்லை? சாரத்தோடை கொண்டு போறாங்கள், சேட்டுப் போட விடேல்லை. கூரை இல்லாத வீட்டுக்கு—

நவம்பர் 16

நானா கடைக் கொம்பியூட்டரைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார். "புள்ள, கொஞ்ச நாளைக்கி வராதீங்க. யாரும் கேட்டா நீங்க இங்க டீ ஊத்தின புள்ள. வேற ஒண்டும் தெரியாது."

நவம்பர் 19

அக்கா கல்கிசைக்குப் போன் எடுத்தா. பிழையான நம்பர் என்று மாமியே சொன்னாவாம். மாமியின் குரல்தான் என்கிறா அக்கா.

நவம்பர் 23

இன்று பொலிசில் அம்மாவை மட்டும் உள்ளே விட்டார்கள். அப்பா பகிடியாகச் சொன்னாராம்: "கொம்பியூட்டருக்கு முன்னாலை இருத்தி, எப்பிடி எடுத்தனி, எடுத்துக் காட்டு எண்டாங்கள். மவுஸைத் தூக்கி, எதாலை பேசிறது எண்டு பாத்தனான்." அதைத் திருப்பிச் சொல்லும்போது அம்மாவும் சிரிக்கப் பார்த்தா. வாய் கோணிக்கொண்டு போனது.

அப்பா எடுக்கவில்லை என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். எடுத்த ஆள் கிடைக்கும்வரை அவரை விடமாட்டார்களாம். தியாகராசாவை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று மனைவிக்கே சொல்லவில்லை.

"சின்னவளை வெளியிலை விடாதை" என்றாராம் அப்பா.

அம்மா என் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னா. அக்காவும் பார்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு என் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டதோடு சரி.

நவம்பர் 24

விடிய எழும்பிவிட்டேன். தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காமல், சொல்லிப் பார்த்தேன். "மம தமய் கத்தே." எடுத்தது நான்தான். முதல் தரம் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

அப்பாவை விடுங்கோ என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது? கடையில் நான் பழகின சிங்களத்தில் எத்தனை கொப்பி, கொஞ்சம் பொறுங்கோ, இவ்வளவுதான் இருக்கிறது. அக்காவைக் கேட்டால் நான் பொலிசுக்குப் போகப்போவது அவவுக்கு விளங்கிவிடும்.

அடையாள அட்டையை எடுத்துக்கொண்டேன். அக்கா நித்திரை. அம்மா பாண் வாங்கப் போயிருக்கிறா. அவ திரும்பி வருவதற்குள் ஒழுங்கை முனையைத் தாண்டிவிட வேண்டும்.