சுவருக்கு அப்பால் இருமல்

இன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது இருமல் கேட்டது. அடுப்பிலிருந்த சுடுதண்ணீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். கட்டிலில் திருத்த வேண்டிய நோட்டுகள்தான் கிடந்தன. நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. இருமியது பக்கத்து வீட்டு முனுசாமி.

சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுச் சுவர் மெல்லியது. நாம் மாலை ஜெபம் முடித்ததும் அந்தச் சுவர் வழியாகத்தான் கேட்பார்: "இன்னா மேஸ்திரி, ஒங்க சாமி இன்னிக்காச்சும் பதில் சொன்னாரா?"

"நீ இருமற இருமல்ல அவருக்கு எங்கடா கேக்குது?" என்பீர்கள். இருவரும் சிரிப்பீர்கள், சிரிப்பு இருமலில் போய் முடியும். சுரங்கத்தின் ஆழத்தில் ஒரே லெவலில் பதினாறு வருஷம் கல்தூசியைச் சுவாசித்தவர்கள்.

சுரங்க ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் இருவர் நெஞ்சிலும் நிழல் விழுந்திருந்தது. மேலே, தூசி இல்லாத லேம்ப் ரூமில், கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு, ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. சீனியர் என்பதால் உங்களுக்கு வந்தது. அன்று பாயசம் வைத்தேன். அதைக் குடித்து முடித்த பிறகுதான், அந்த இடத்தை முனுசாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள்.

நான் கத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"அவனுக்கு மூணு கொழந்த கீது. நீ படிச்சவ, நாளிக்கு நின்னுக்குவ. அவன் பொஞ்சாதி கன்னியம்மா இன்னா பண்ணும்?"

சுவரில் இருந்த சிலுவையைக் காட்டி, இதற்காகவா என்றேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "அத ஆணி சொமக்குது. நாம எங்க சொமக்கிறோம்?"

உங்கள் மூச்சு உங்களுடையது, கொடுத்தீர்கள். ஆனால் நான் தனியாக நிற்கப்போகும் வருஷங்களையும் சேர்த்தல்லவா கொடுத்தீர்கள்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கைப்பிடி அரிசி போடுவதை நிறுத்தினேன். உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடியை டப்பாவில் போடுவது என் அம்மா வீட்டிலிருந்து வந்த பழக்கம். இந்த வீடு கொடுத்தது போதும் என்றிருந்தது. மாதக் கடைசி ஞாயிறு, பெண்கள் எல்லோரும் அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் நாள். வெறும் டப்பாவை உங்கள் முன் திறந்து காட்ட வேண்டுமென்று காத்திருந்தேன்.

திறந்தால் பாதிக்கு மேல் அரிசி. காலை ஷிப்டுக்குப் போகுமுன் நீங்கள் போட்டு வந்திருக்கிறீர்கள். அந்த மாதம் முழுக்க டிபன் கேரியரில் சோறு கம்மியாக வைக்கச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. நோயினால் பசி போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தேன். அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

அதன்பின் மூன்று வருஷம் கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினீர்கள். கடைசி மாதங்களில் உங்களால் படுக்க முடியவில்லை. அந்தச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தீர்கள். சுவருக்கு அப்பால் கேலி நின்றுபோயிருந்தது. முனுசாமி வேலை முடிந்து வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போவார். ஒருநாள் என்னிடம், "நான்தான் கீழ போயிருக்கணும், டீச்சரம்மா" என்றார்.

"ஆமாம்" என்றேன். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

இப்போது அவரும் படுக்கையில். நீங்கள் கொடுத்தது அவருக்கு ஏழு வருஷம், அவ்வளவுதான். அதற்குள் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. கடைசிப் பெண் என் வகுப்பில் இருக்கிறாள், கணக்கு வராது, நன்றாகப் பாடுவாள். இது போதுமா என்று உங்களைக் கேட்கத் தோன்றுகிறது. இந்தப் பெண் பாடும்போது சில நாள் போதும் என்றிருக்கும். பள்ளி விட்டு இந்தக் கதவைத் திறக்கும்போது இல்லை என்றிருக்கும்.

கையிலிருந்த சுடுதண்ணீர் ஆறுவதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவரைத் தூக்கி உட்காரவைத்து, இருமல் வரும்போது முதுகை எங்கே தாங்க வேண்டுமென்று கன்னியம்மாவுக்குக் காட்டினேன். என் கைகளுக்குப் பழகிய வேலை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து உலை வைத்தேன். டப்பாவில் ஒரு பிடி போட்டேன். நீங்கள் போன நாளிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. மனம் இன்னும் ஒப்பவில்லை. கை போடுகிறது.