கண் கோணலான பென்குயின்கள்

என்னங்க,

பேசினால் மறுபடி சண்டைதான் வரும். அதனால் எழுதி வைத்துவிட்டு நானும் சின்னவளும் பள்ளிக்குக் கிளம்புகிறோம்.

மேசையில் ஓர் அட்டை மேல் என் வகுப்புப் பிள்ளைகள் செய்த பனிக்கரடிகள் காய்கின்றன. தொடாதீர்கள். பஞ்சு பிதுங்கட்டும், காது மூக்கில் இருக்கட்டும். கோணலைக் கண்டால் தையல்காரர் கை சும்மா இருக்காது, தெரியும். முந்தாநாள் காயவைத்த பென்குயின்களின் கண்களையெல்லாம் பிய்த்து நேராக ஒட்டினீர்களே, உதவி என்று நினைத்துத்தான் செய்தீர்கள், அதுவும் தெரியும். ஆனால் நேற்று ஒரு பிள்ளைக்கும் தன்னுடையது எதுவென்று தெரியவில்லை. வயிற்றில் கண் இருந்தால்தானே, "இது என்னோடது" என்று ஓடி வரும்? நம் சின்னவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அப்பா செஞ்சது. நான் செஞ்சது எங்க?" என்று அழுதாள்.

இன்று எல்லாப் பென்குயின்களையும் பிள்ளைகளே புதிதாகச் செய்யப் போகிறார்கள். மாலையில் பெற்றோர் பார்க்க வரும்போது கோணல் கண்களோடுதான் சுவரில் இருக்கும். தலைமை ஆசிரியை முகம் சுளித்தாலும் மாற்ற மாட்டேன்.

கரடிகளை அட்டையோடு அப்படியே தூக்கிக்கொண்டு நீங்களும் வாருங்கள். கத்தரிக்கோல் கடையிலேயே இருக்கட்டும்.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. கடைச் சாவி நேற்றுப் போட்ட சட்டையில். வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சின்னவள் உங்களுக்காகக் கண் ஒட்டாத பென்குயின் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள். "அப்பாவுக்கு ஒட்டவே தெரியல, பாவம். நான் சொல்லித் தரேன்" என்கிறாள்.