ஜன்னல் கம்பியில் சங்குப்பூ

மாடி வீடு, மார்ச் 4

மச்சானுக்கு,

கீழே நீங்கள் நட்ட சங்குப்பூக்கொடி மழைநீர்க் குழாயைப் பிடித்து ஏறி, உங்கள் தங்கை படுத்திருக்கும் அறைக்குள் தலை நீட்டுகிறது. நோயாளி கட்டிலைச் சுற்றிக் கருவண்டுகள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெட்டுங்கள். இல்லையென்றால் நான் வெட்டுவேன்.

மாடிவீட்டுக்காரன்

கீழ்வீடு, மார்ச் 5

மாப்பிள்ளைக்கு ஆசி.

எனக்கு எழுத வராது. எதிர்க்கடைத் தையல்காரர் எழுதுகிறார். கோபம் மட்டும் என்னுடையது.

விதை உங்கள் மனைவி தந்தது. எழுந்து நடமாடிய காலத்தில் ஜன்னல் வழியே ஒரு நெற்றைப் போட்டு, "அண்ணே, நட்டு வை. நாலு வண்டு வரட்டும். இந்த வீட்டுல சத்தமே இல்ல" என்றாள். வண்டுக்குப் பூவில்தான் வேலை, உங்களிடம் இல்லை.

உங்கள் மகள் நிச்சயதார்த்தத்தில், என்னைக் கலந்து பேசவில்லையென்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். "இனி என் படி மிதிக்காதீங்க" என்றீர்கள். ஏழு வருஷமாக மிதிக்கவில்லை. இப்போது கேட்கிறேன்: கொடியை வேரோடு பிடுங்கிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை என் தங்கையைப் பார்க்க விடுங்கள்.

அண்ணன்காரன்

மாடி வீடு, மார்ச் 8

மச்சானுக்கு,

கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நோயில் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. "கொடியைப் பிடுங்கச் சொல்லவா?" என்றேன். தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். "அண்ணனைக் கூப்பிடவா?" என்றேன். முடியாத உடம்பை மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்த்தினாள். கட்டிலில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.

எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆனால் கட்டில் அவளுடையது. மத்தியானம் வாருங்கள். நான் அடுக்களையில் இருப்பேன்.

மாடிவீட்டுக்காரன்

கீழ்வீடு, ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு ஆசி.

அன்று மத்தியானம் அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்தேன், அது போதும். அவளை எடுத்துப்போன அன்று மூடிய ஜன்னலை நீங்கள் திறக்கவில்லை. பூத்த கொடி கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, வண்டுகள் கண்ணாடியில் முட்டுகின்றன. கொடியை என் பக்கச் சுவருக்கு மாற்றிக் கட்டுகிறேன். கீழிருந்து இழுத்தால் முறியும். மேலிருந்து ஒருவர் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துக் கொடுத்தால் பிழைக்கும். அதை மட்டும் செய்வீர்களா?

அண்ணன்காரன்

மாடி வீடு, ஏப்ரல் 3

மச்சானுக்கு,

அவிழ்க்கத்தான் ஜன்னலைத் திறந்தேன். இரண்டு சுற்று அவிழ்த்தேன். அதற்குமேல் அந்த அறையில் தனியாக நிற்க முடியவில்லை. மேலே வாருங்கள். எங்கே கட்டலாம் என்று பேசிக்கொள்வோம். சோறு இங்கேயே. உப்பு குறைவாகத்தான் இருக்கும், எனக்கு இரத்தக் கொதிப்பு. அதற்காகப் பாதியில் எழுந்துவிடாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை