நூறு கிராமுக்கு

மார்ச் 4, செவ்வாய்

சலவை நிலையத்தில் இன்று முழுக்க ஓட்டல் விரிப்புகள். ஆவி எழும்போது வெள்ளைத் துணியெல்லாம் மேகம் மாதிரி மிதக்கிறது. நடுவில் நான் நிற்கிறேனா, பறக்கிறேனா என்றே தெரிவதில்லை. மேஸ்திரி தோளைத் தட்டி, "நின்னுக்கிட்டே தூங்கறியா?" என்றார்.

தூங்கவில்லை. மகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வீட்டில் எங்களுக்கு அவள் 'வாத்து'. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்து ஒரு வாரம் ஆகிறது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு இனி ஆயுசுக்கும் இன்சுலின். தட்டில் எவ்வளவு மாவுச்சத்தோ, அதற்கேற்ற மருந்து. "பாக்கெட்னா கவலையே வேணாம், பின்னாடி எல்லாம் போட்டிருக்கும்" என்றார் நர்ஸம்மா.

பின்னாடி! இத்தனை வருடத்தில் எதையாவது திருப்பிப் பார்த்திருக்கிறேனா?

மார்ச் 6, வியாழன்

கடையில் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எறும்பு ஊர்வது போல எழுத்து. பார்த்துக்கொண்டே இருந்தால் நிஜமாகவே ஊர்கிறது. பக்கத்தில் ஒரு அம்மா, "விலையா தேடறீங்க?" என்றார். படிக்கிறேன் என்றேன். "அதெல்லாம் யாரு படிக்கிறா? முன்னாடி 'சத்து'ன்னு போட்டிருந்தா எடுத்துக்க வேண்டியதுதான்!" நேற்றுவரை நானும் அந்த அம்மாதான்.

மார்ச் 9, ஞாயிறு

பழச்சாற்று டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்து: சர்க்கரை சேர்க்கப்படவில்லை. ஊசியே போடாமல் ஒரு தம்ளர் கொடுத்தேன். ரத்தத்தில் சர்க்கரை எங்கேயோ ஏறிவிட்டது. பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும் என் மனைவி நிதானமாகத்தான் சொன்னாள்: "சேர்க்கலைன்னா இல்லைன்னு அர்த்தமாங்க? பழத்துலயே இருக்கே."

மார்ச் 15, சனி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்னவோ.

மத்தியானம் வாத்து பிஸ்கட் கேட்டாள். இந்தத் தடவை பின்பக்கம் பார்த்தேன். மாவுச்சத்து அறுபத்தாறு கிராம். அதற்குக் கணக்குப் பார்த்து மருந்தைப் போட்டேன். பாக்கெட் முழுக்கத் தின்றுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நல்ல வெயில். எனக்குக் கண் செருகியது.

"அப்பா, ரூம்ல தண்ணி வந்துடுச்சு. நாற்காலி மிதக்குது."

என்னைப் போலவே கனவு காண்கிற பிள்ளை என்று பெருமையாக இருந்தது. "மீன் இருக்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கிட்டே போய்த் தொட்டால் நெற்றியெல்லாம் சில்லென்று வியர்வை, விரல்கள் நடுங்குகின்றன, கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது. டப்பாவில் மிச்சமிருந்த சாற்றை வாயில் வைத்தேன். குடிம்மா, குடிடா கண்ணு, குடி — விழுங்கினாள். மெல்ல மெல்லத் திரும்பி வந்தாள்.

மனைவி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். "மேல பாருங்க. நூறு கிராமுக்குன்னு போட்டிருக்கு. இந்தப் பாக்கெட்டே அம்பது கிராம்தான்."

இரட்டிப்பு மருந்து, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. என் கையால. மீன் இருக்கான்னு கேட்டேனே, பாவி!

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 5, சனி

சமையல் தராசு வாங்கியாயிற்று. சாயங்காலம் மூன்று பேரும் மேசையில் பாக்கெட்டுகளைப் பரப்பி உட்கார்ந்தோம். வாத்து கெட்டிக்காரி. கணக்கைப் பட்டென்று சொல்லிவிடுகிறாள். வறுவல் பாக்கெட்டில் 'ஒரு ஆளுக்குக் கால் பாக்கெட்' என்றிருந்ததைப் படித்துவிட்டு, "யாருப்பா காலோட நிறுத்துவாங்க?" என்றாள். மனைவிக்குப் புரையேறும் வரை சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு.

ஏப்ரல் 20, ஞாயிறு

வாத்துக்குச் சிநேகிதி வீட்டில் ஒருநாள் தங்க வேண்டுமாம். வேண்டாம் என்றேன். அங்கே எதையாவது கொடுப்பார்கள், அளவு தெரியாது, நான் பக்கத்தில் இல்லாமல்... வாத்து குறுக்கே பேசவில்லை. முழுக்கக் கேட்டாள். அப்புறம் மெதுவாக,

"அப்பா, நீ பயப்படறப்போ நான் பசிக்கலைன்னு சொல்லிடறேன். ஆனா பசிக்கும்."

மனைவி தலை குனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரியுமோ?

மே 3, சனி

காலையில் வாத்து சிநேகிதி வீட்டுக்குப் போனாள். பையில் மருந்து, தராசு எல்லாம் அவளே எடுத்துவைத்தாள். சிநேகிதியின் அம்மாவிடம் மனைவி விவரமாகப் பேசியிருக்கிறாள். நான் வாசலில் நின்று கையாட்டினேன்.

சாயங்காலம் போன் அடித்தது. ஓடினேன். எடுத்தால் ஒரே கூச்சல். அந்த வீட்டுப் பூனை அலமாரிக்குள் குட்டி போட்டிருக்கிறதாம். நாலு குட்டி. ஒன்று முழு வெள்ளை, இன்னும் கண் திறக்கவில்லை, உள்ளங்கையில் வைத்தால் மூச்சு விடுவது மட்டும் தெரிகிறதாம். "நம்ம வீட்டுக்குக் கொண்டு வரட்டுமாப்பா?" அம்மாவைக் கேள் என்றேன். நீ நழுவாதே என்றாள். என்ன பெயர் வைக்கலாம் என்று பேசினோம், பேசினோம், ஜன்னலில் வெளிச்சம் மங்கும் வரை பேசினோம்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்கவே இல்லை.