துளசி வகுப்பில் சொன்னது

சுங்கை சிப்புட்
14.7.2025

அன்புள்ள சாந்தினி அக்காவுக்கு,

கண்ணம்மை டீச்சர் எழுதுவது. தினமும் மாலையில் என் அண்ணனின் துணிக்கடையில் நீங்கள் வேலை செய்வதைப் பார்க்கிறேன். ஆனால் கல்லாவில் அவர் இருக்கும்போது இதைப் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் போட்டால் ஊர் சுற்றிவிடும். அதனால்தான் துளசியின் பையில் இந்தக் கடிதம்.

இன்று ஆறாம் ஆண்டு நன்னெறி வகுப்பில் ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசினோம். "யாருக்கு அதிகாரம் இருக்கு, யாருக்கு இல்ல? பார்த்தத பயப்படாம சொல்லுங்க" என்றேன். உங்கள் மகள் எழுந்தாள். "கடையில ஆளு இல்லாத நேரத்திலயும் எங்கம்மா உட்காரக் கூடாது டீச்சர். ராத்திரி காலு வீங்கிப் போயிருக்கும். நீங்க அங்கதான உட்கார்ந்து பேப்பர் திருத்துறீங்க" என்றாள்.

பிள்ளைகள் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். பிள்ளை நம் வீட்டையே சொன்னால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை. "சரி, புத்தகத்தை எடுங்க" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது.

இது அண்ணன் காதுக்குப் போனால் உங்கள் வேலை என்னாகுமோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்புடன்,
கண்ணம்மை

15.7.2025

வணக்கம் டீச்சர்,

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை மூடிய பிறகு எங்கள் வீடு இந்த வேலையில்தான் ஓடுகிறது. தயவுசெய்து அந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள். துளசியை நன்றாக ஏசிவிட்டேன். "நெசத்தத்தான சொன்னேன்" என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இன்று முதலாளி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

சாந்தினி

17.7.2025

அக்கா,

கவலையை விடுங்கள். வகுப்புப் பிள்ளை யாரோ வீட்டில் சொல்ல, அது அண்ணனிடம் வந்துவிட்டது. "என் கடையப் பத்தி உன் கிளாஸ்ல என்ன பேச்சுலா?" என்று கேட்டார். "துளசி ஒண்ணும் சொல்லலண்ணே, பிள்ளைங்க சும்மா கதை கட்டுதுங்க" என்றேன். நம்பிவிட்டார். கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள். துளசியிடமும் சொல்லிவையுங்கள். அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை.

கண்ணம்மை

18.7.2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை எனக்கு முன்பே துளசி படித்துவிட்டாள். "அப்ப நான்தான் பொய் சொன்னேனாம்மா?" என்று கேட்டாள்.

இன்று முதலாளி கேட்டார். நீங்கள் சொன்னபடிதான் சொல்ல நினைத்தேன். வாயில் வேறு வந்துவிட்டது. "எம்மக சொன்னது நெசம்தான் மொதலாளி" என்றேன். "ரெண்டு நாளு வீட்டுல இரு. திங்கக்கிழம வா, பேசலாம்" என்றார். வேலை இருக்குமா தெரியாது.

உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது டீச்சர். எங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் அவளை எழுந்து பேசச் சொன்னது நீங்கள்தான். அவள் சொன்னது உண்மை என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்லுங்கள். கடையில் நீங்கள் உட்காரும் நாற்காலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடியாதென்றால் இனி அவள் பையில் கடிதம் வைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை காலையில் நான் கடை வாசலில் நிற்பேன். அவள் உங்கள் வகுப்பில் இருப்பாள்.

இப்படிக்கு,
துளசியின் அம்மா