வாசலைக் கூட்டாதீர்கள்

மேல் டிவிசன் லயம்,
நமுனுகுல.
12.02.2023

அன்புள்ள தம்பி தயாபரனுக்கு,

அக்கா நல்லம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், நாய்கள்தான் இல்லை. மிச்சமிருப்பது கணக்கப்பிள்ளை வீட்டு நாய் ஒன்றுதான். அது கட்டிலுக்கடியில் படுப்பதால் பிழைத்தது.

லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் சுபாஜினி தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது ஒரு சிறுத்தை பாய்ந்து தோளைக் கிழித்துவிட்டு ஓடியது. டிஸ்பென்சரியில் "கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கிழித்தது" என்று எழுதி மருந்து போட்டு அனுப்பினார்கள். தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போனோம். "புலின்னு சொல்லாதீங்க, அது வேற மாதிரி ஆயிரும். சிறுத்தைன்னும் சொல்லாதீங்க, இந்தத் தோட்டத்தில சிறுத்தை இல்ல. நாய்தான்" என்றார். சுபாஜினி தோளைக் காட்டி, "அப்ப இது நாய் போட்ட கையெழுத்துங்களா?" என்று கேட்டாள். தொரை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

எனக்குக் கவலை பிள்ளைக் காம்பராதான். தாய்மார் வேலைக்குப் போனதும் கைக்குழந்தைகளை நான் வைத்துக்கொண்டிருக்கும் அறை உனக்குத் தெரியும். கதவு உண்டு, சாத்தாது. ஜன்னல் உண்டு, கம்பி இல்லை. பின்னால் தண்ணீர் ஓடும் கான், அதற்கு அப்பால் காடு. சுற்றி வேலி போட்டுத் தரக் கேட்டேன். "சிறுத்தை இருக்குன்னு நிரூபிங்க, போடுவோம்" என்கிறார் தொரை.

வனவிலங்கு அதிகாரிகள் இருவர் பார்க்க வந்தார்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று நம் பெண்கள் விடியும் முன்பே வாசலெல்லாம் கூட்டி, சாணம் தெளித்து, கோலமும் போட்டுவிட்டார்கள். அதிகாரிகள் கோலத்தைப் பாராட்டினார்கள். தடம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

நீ ஜீப் பழுது பார்க்கப் போயிருக்கும் காட்டு விடுதியில் தடம் பார்ப்பதே ஒரு உத்தியோகம் என்றாயே. எப்படி நிரூபிப்பது என்று அவர்களிடம் கேட்டு எழுது.

உன் அக்கா,
நல்லம்மா

*

மவுன் வழி,
பொட்ஸ்வானா.
20.03.2023

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே வைஃபை விருந்தினர்களுக்கு மட்டும். எங்களுக்குத் தபால்தான், அதுவும் சமையலுக்குக் கோழி வரும் விமானத்தில், கோழிக்கு இடம் போக மிச்சத்தில் வரும்.

உங்கள் கேள்வியைக் கபோவிடம் கேட்டேன். இங்கே அவர்தான் தடம் பார்ப்பவர். ஜீப்பின் முன்விளக்குக்கு மேலே ஒரு இருக்கை இருக்கும், நான்தான் பற்றவைத்தேன். அதில் அவர் உட்கார்வார். சிங்கத்துக்கும் விருந்தினருக்கும் நடுவில் இருப்பது கபோவின் முழங்கால் மட்டும். அவர் கையைத் தூக்கினால் ஜீப் நிற்கும். இறங்கி, தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து, ஒரு புல் மடிந்திருப்பதைப் பார்த்துவிட்டு வேறு திசையைக் காட்டுவார். அங்கே சிங்கம் இருக்கும். தடத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தடம்தான் கிடைக்கும் என்பார். அது எங்கே போக நினைத்தது என்று பார்க்க வேண்டுமாம்.

அவர் சொன்னவை: நாய்க்கு நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். பாதத்தின் பின்பக்கம் மூன்று மேடு தெரியும். காலை வெயில் எதிரே இருக்கும்படி நின்று பாருங்கள், நிழல் விழுந்து தடம் எழுந்து நிற்கும். தடத்தின் மேல் பூச்சி ஊர்ந்த கோடு இருந்தால் பழையது.

எல்லாவற்றுக்கும் முதலில், வாசலைக் கூட்டாதீர்கள். தடம் கண்டால் ஒரு பேசினைக் கவிழ்த்து மூடி வையுங்கள். மெல்லிய தாளில் அளவு மாறாமல் வரைந்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
தயாபரன்

*

நமுனுகுல.
28.05.2023

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை லயத்துக்கே வாசித்துக் காட்டினேன். கபோவை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வாசலைக் கூட்டக் கூடாது என்ற இடத்தில்தான் சண்டை. "சிறுத்தை வந்தாக்கூடத் தாங்கிக்கலாம் நல்லம்மாக்கா, கூட்டாத வாசலை வச்சிக்கிட்டு எப்பிடி இருக்கிறது? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றாள் சுபாஜினி. இதைச் சொன்னவள் தோளில்தான் அந்தக் கீறல்.

ஒருவழியாக நிறுத்தினோம். குப்பையோடு தடமும் வந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து லயம் வரை பேசின்களாகக் கவிழ்த்து வைத்து, அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர்கள் வந்த அன்று பார்த்து, வராத தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. பெண்கள் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். தப்பியது கஞ்சிப் பானைக்கு அடியில் இருந்த ஒன்றுதான். நான் பானையின் மேல் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி குனிந்து பார்த்து, "பெரிய பூனை" என்று எழுதிக்கொண்டார். சிறுத்தையும் பூனைக் குடும்பம்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பதால் நான் மறுக்கவில்லை.

தடத்தின் படம் இதோடு இருக்கிறது. இடது பின்னங்காலில் வெளி விரல் இல்லை, பார்த்தாயா? அது நடப்பது பிள்ளைக் காம்பராவின் பின்படியை ஒட்டி. தம்பி, அந்தப் படியில்தான் பிள்ளைகள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கின்றன.

அக்கா,
நல்லம்மா

*

மவுன் வழி.
09.08.2023

அன்பு அக்காவுக்கு,

உங்கள் படத்தைக் கபோ வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "பெட்டை. அவசரம் இல்லாமல் நடந்திருக்கிறது. அந்த இடம் தன்னுடையது என்று அதற்குத் தெரியும்" என்றார். வரைந்தது யார் என்று கேட்டார். அக்கா என்றதும், இங்கே அனுப்பிவிடு, முன்விளக்கு இருக்கை காலியாகத்தான் போகிறது என்று சிரித்தார்.

அவர் வாழ்க்கை அப்படி. மூன்று மாதம் காடு, ஒரு மாதம் வீடு. கடைசிப் பிள்ளை அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறதாம். சிங்கத்தைக் கண்டதும் விருந்தினர்கள் ஸ்டியரிங் பிடித்திருக்கும் வழிகாட்டியின் கையைக் குலுக்குகிறார்கள். வழிகாட்டிக்கு ஆங்கிலம் வரும். கபோ டயரில் சிக்கிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்.

இங்கே ஒரு பழைய கல் கிணறு இருக்கிறது. யானைகள் அதன் பக்கத்தில் தண்ணீருக்கு வரும், எல்லோரும் படமெடுப்பார்கள். அது கபோவின் அப்பா தோண்டியதாம். விலங்குகளுக்கு இடைஞ்சல் என்று ஊரையே கிளப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது தன் கிணற்றைப் பார்க்க அவருக்கு விடுதியின் சீருடை வேண்டும். இதைச் சொல்லிவிட்டுக் கபோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இதை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, அக்கா.

இன்னொரு செய்தி. உங்கள் படத்தை ஒரு விருந்தினர் பார்த்தார். கொழும்பில் ஹோட்டல்கள் வைத்திருப்பவர். முழு வழியையும் வரைந்து அனுப்ப முடியுமா? எங்கே இறங்குகிறது, எங்கே குடிக்கிறது, எங்கே படுக்கிறது என்று. பெரிய இடத்திலிருந்து சொன்னால் வேலி தானாக வரும்.

தம்பி,
தயாபரன்

*

நமுனுகுல.
15.11.2023

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டபடி வரைந்திருக்கிறேன். லயமே சேர்ந்து பார்த்துச் சொன்னது. அதைக் கண்டால் குரங்கு எந்த மரத்தில் கத்துகிறது என்பது வரை இருக்கிறது. குட்டிகள் இரண்டு, மேல் மலைப் பாறைச் சந்தில். பிள்ளைகள் கஞ்சி குடித்துத் தூங்கும் நேரத்தில் அது பின்பக்கமாகத் தண்ணீருக்குப் போகிறது. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது என்னைப் பொருட்படுத்தவில்லை. முன்பிருந்த கோபம் இப்போது இல்லை, அதுவும் பிள்ளைக்காரி. நடுவில் ஒரு வேலி இருந்தால் அது அதன் பாட்டில் போகும், இவை இவற்றின் பாட்டில் தூங்கும்.

உன் பெரிய மனிதர் வந்து போனார். தொரை அவரிடம் "நம்ம சிறுத்தை" என்றார். நேற்று லாரியில் கம்பிச் சுருள் வந்து இறங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கைதட்டினோம். நீ வரும்போது முதல் கிண்ணக் கஞ்சி உனக்குத்தான்.

அக்கா,
நல்லம்மா

*

கொழும்பு.
03.02.2024

அன்பு அக்காவுக்கு,

நாட்டுக்கு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம் வேலை நெருக்கடி. தொரை பங்களாவை ஹோட்டல்காரர் எடுத்துவிட்டார். சிறுத்தை பார்க்கும் பயணம் ஆரம்பிக்கிறார்கள். தலைமைத் தடம் காண்பவன் நான்தான். ஜீப்பில் இருந்து எண்ணெய் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே என் ஆயுள் போய்விடும் என்றுதானே நீங்கள் கவலைப்பட்டீர்கள்?

வேலி பற்றி. அது பங்களாவைச் சுற்றி வருகிறது; விருந்தினர் பாதுகாப்புக்குச் சட்டப்படி வேண்டும். பிள்ளைக் காம்பராதான் சிறுத்தையைப் பார்க்க ஆகச் சிறந்த இடம் என்று உங்கள் வரைபடத்திலேயே தெரிகிறது. அதற்குக் கண்ணாடி போட்டு, விருந்தினர் உட்கார ஒரு மறைவிடமாக ஆக்குகிறோம். பிள்ளைகளின் சத்தம் சிறுத்தைக்கு இடைஞ்சல். அவர்களை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு மாற்றுவார்கள். தற்காலிகம்தான். அங்கே கூரை இருக்கிறது.

உங்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். சேலை கட்டி விருந்தினருக்குத் தேநீர் கொடுக்கும் வேலை.

கோபப்படாதீங்க அக்கா. நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான்.

தம்பி,
தயாபரன்

*

மேல் டிவிசன் லயம்,
நமுனுகுல.
21.07.2024

தலைமைத் தடம் காண்பவர் தயாபரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னிக்கவும். பிள்ளைகளுக்குச் சுவர் செய்துகொண்டிருந்தோம். பெரட்டுக் களத்தில் கூரை இருக்கிறது என்று சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள். அதைத் தாங்க நான்கு தூணும் இருக்கின்றன. தூணுக்குத் தூண் பழைய கொழுந்துக் கூடைகளை அடுக்கி, பிள்ளைகளை நடுவில் வைத்திருக்கிறேன்.

பிள்ளைக் காம்பராவை வெளியிலிருந்து பார்த்தேன். ஜன்னலுக்குக் கண்ணாடி. கதவு இப்போது சாத்துகிறது.

போன மாதம் நீங்கள் விருந்தினர்களை லயத்துக்கு அழைத்து வந்தீர்கள். சுபாஜினியின் தோளைப் படமெடுத்தார்கள். டிஸ்பென்சரி அதைக் கவாத்துக் குச்சி என்று எழுதியது தவறு என்று இப்போது எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்று நீங்கள்தான் அவளிடம் சொன்னீர்கள். அவளும் சிரித்தாள்.

கபோவின் அப்பா தோண்டிய கிணற்றைப் பற்றிய கடிதத்தை எடுத்து வாசித்தேன். நல்ல கடிதம். எழுதியது யார் என்று திருப்பிப் பார்த்தேன்.

தொரையிடம் போய்க் கேட்டேன்: "இருக்குன்னு நிரூபிச்சதுக்குக் காம்பரா போச்சுங்க. இல்லைன்னு நிரூபிச்சா திரும்பக் கிடைக்குங்களா?" அவர் சிரித்துக்கொண்டு, "சிறுத்தை இல்லாட்டி ஹோட்டல்காரன் ஏன் இருக்கப் போறான்? நிரூபிங்க பார்ப்போம்" என்றார்.

அதனால் பழையபடி கூட்ட ஆரம்பித்துவிட்டோம். பெரட்டுக்குப் போகுமுன் லயத்துப் பெண்கள் எல்லோரும் விளக்குமாறோடு இறங்குகிறோம். வாசலோடு நிறுத்துவதில்லை. கான் ஓரம், பீலிக்கரை, பாறைச் சந்துப் பாதை, பிள்ளைக் காம்பராவின் பின்படி. நாங்களே வரைந்து கொடுத்த இடங்கள்தானே. குரங்கு கத்திக் காட்டிக்கொடுத்தால், திசை தெரியாமல் போக வேறு மலையில் எங்கள் ஆள் நின்று கூச்சல் போடுகிறார். உங்கள் விருந்தினர்கள் வாரக்கணக்கில் கண்ணாடி வழியாகத் தேயிலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று கேள்வி. ஒரு வெள்ளைக்கார அம்மா எங்கள் கோலத்தைப் பாராட்டினார்.

நேற்று விடியும்போது என் வாசலில் சப்பாத்துப் போட்ட காலின் தடம் ஒன்று இருந்தது. வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தேன். பூச்சி எதுவும் மேலே ஊர்ந்திருக்கவில்லை; புதியது. குதியை வெளிப்பக்கமாக அழுத்தி நடக்கிற ஆள், நம் அப்பாவைப் போல. கதவு வரை வந்து, கொஞ்சம் நின்று, கால் மாற்றி நின்று, தட்டாமல் திரும்பியிருக்கிறார்.

ஒரு பேசினை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றேன்.

பிறகு கூட்டிவிட்டேன்.

நல்லம்மா