இஞ்சித் தண்ணி ஆறும் வரை

2025 ஏப்ரல் 22

குசினிக்குள் கால் வைக்க இடமில்லை. போன சீசனில் எங்கள் முன்னறையில் தங்கியிருந்த ஜேர்மன்காரன் விட்டுவிட்டுப் போன சாமான்களையெல்லாம் இவர் இன்று பரப்பிவிட்டார். ஆள் இறங்கி இருக்கக்கூடிய பெரிய பானை, சுருள் சுருளாக வளைத்த செப்புக் குழாய், மூடியில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் வாளி. அந்த மனுசன் இதில் பியர் காய்ச்சினவன். இவர் ஜிஞ்சர் பியர் காய்ச்சப் போகிறாராம். உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரருக்குக் கொடுக்கலாமாம்.

"இஞ்சியும் சீனியும் தேசிக்காயும்தானப்பா. பிள்ளையளும் குடிக்கிற சாமான்."

"ஈஸ்ட் போடுறியளோ இல்லையோ?"

"கொஞ்சம்."

கொஞ்சம்! இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே என் பாதி வயது போனது. இவரின் துறைமுகத்து வேலை போனதும் அந்தக் 'கொஞ்ச'த்தால்தான். குடியை விட்டு இரண்டு வருஷமாகிறது. பானையை நல்ல சத்தமாகக் கழுவினேன்.

ஏப்ரல் 24

காய்ச்சினார். வீடு முழுக்க இஞ்சி மணம். பொய் சொல்லக்கூடாது, நல்ல மணம்.

சிக்கல் ஆறவைப்பதில். சூட்டோடு ஈஸ்ட் போட்டால் அது செத்துவிடுமாம். தானாக ஆறட்டும் என்று விட்டால் பழுதாகிவிடுமாம். அதனால் செப்புச் சுருளைப் பானைக்குள் இறக்கி, அதற்குள்ளால் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட வேண்டும். ஓடவிட்டார். இந்த வெயிலில் கூரைத் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீரில் தேத்தண்ணியே போடலாம், அது எதை ஆற்றப் போகிறது? வேர்த்து வழிய நின்றுகொண்டு "ஆறேல்லை, ஆறேல்லை" என்றார். கடைசியில் முழுவதையும் வெளியே கொண்டுபோய் ஊற்றினார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 25

இவர் புதிதாக ஒரு பானை காய்ச்சினார். மஹ்ரூப் நானா மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸோடு வந்து இறங்கினார். இவரின் கூட்டாளி, மீன் வியாபாரி. ஐஸும் மீன் ஐஸ்தான். பெட்டிக்குள் தண்ணீர் விட்டு, சின்ன மோட்டரால் சுருளுக்குள் அனுப்பினார்கள். பானை ஆறத் தொடங்கியது. இரண்டு பேரும் குதிக்காத குறை. அந்த நேரம் பார்த்துப் பைப் கழன்று, ஐஸ் தண்ணீர் அவ்வளவும் பானைக்குள்! ஒரே சூரை மீன் வெடில் நாற்றம்.

"பாதகமில்ல தங்கச்சி, சோறு இருந்தா கொண்டாங்க" என்றார் மஹ்ரூப் நானா. மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

எழுதும்போது பயம் வருகிறது. குடிக்கிற காலத்திலும் இந்த மனுசன் இப்படித்தான் சிரிப்பார்.

ஏப்ரல் 27

திரும்பக் காய்ச்சி, பைப்பைக் கிளிப் போட்டு இறுக்கினார். ஆறியது. ஈஸ்ட் போட்டாயிற்று. வாளி 'புளுக் புளுக்' என்கிறது. முற்றத்தில் உடுப்புக் காயப்போடும்போதும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

ஏப்ரல் 30

போத்தல்களில் அடைத்தார். ருசி பார்க்கத்தான் ஆளில்லை. "புளிச்சா நமக்கு ஹராம் தங்கச்சி, நான் வாயில வைக்க மாட்டன்" என்று மஹ்ரூப் நானா நழுவிவிட்டார். இவர் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"நீர் குடிச்சுப் பாரும். நான் தொடமாட்டன்."

குடித்தேன். உறைப்பு, இனிப்பு, பிறகு மூக்கில் சுள்ளென்று ஏறியது. நல்லாயிருக்கு என்றேன். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போத்தல்கள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

மே 2

ஒரு போத்தலைக் காணவில்லை.

மே 2, பின்னேரம்

திரும்ப எண்ணினேன். குறையுதுதான்.

கேக்கிறதா? இல்லையெண்டு சொன்னா நான் நம்புவனா? ஓமெண்டு சொன்னா என்ன செய்யிறது — கிளிவெட்டிக்கு அக்கா வீட்ட போறதா? ஐயோ கடவுளே, திரும்பவும் முதலில இருந்தா? ஏலாது. என்னால ஏலவே ஏலாது.

சாப்பாடு போடும்போது கிட்டப்போய் மணந்து பார்த்தேன். சவர்க்கார மணம்தான். குளித்துவிட்டு வந்தாரோ?

மே 3

கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

"எங்க அந்தப் போத்தல்? உண்மையைச் சொல்லுங்கோ!"

இவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"திறந்தனான்" என்றார். "நீர் சந்தைக்குப் போன நேரம். மணம் மூக்கில ஏறிச்சுது ரூபி. கொண்டுபோய் வாழையடியில ஊத்திப்போட்டன்."

விறுவிறு என்று வாழையடிக்குப் போனேன். வெறும் போத்தல் கிடந்தது. சுற்றிவர மண் தெரியாமல் எறும்பு. அந்த எறும்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" பின்னாலேயே வந்து நின்றவரிடம் கேட்டேன்.

"சொன்னா எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவீர். எனக்குக் காய்ச்சுறது பிடிச்சிருக்கு. வேலை போனாப் பிறகு இதுதான் ஒண்டு பிடிச்சிருக்கு. ஆறுற மட்டும் அது வெறும் இஞ்சித் தண்ணி. ஈஸ்ட் போட்டாப் பிறகுதான் எனக்குப் பயம்" என்றார்.

பயம் எனக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டேன். வாழையடியிலேயே நின்று அழுதேன். கோபமும் போகவில்லை.

மே 5

மிச்சப் போத்தல்களைப் பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸ்காரர் எடுத்துக்கொண்டார். இன்னும் கேட்கிறார். ஈஸ்ட் பைக்கற்றை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பு என்னிடம். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் பூட்டினேன்.

மே 18

வெள்ளைக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள். இன்று திரும்பவும் காய்ச்சினோம். இஞ்சி இடித்தது, அடுப்பில் நின்றது, ஐஸ் தண்ணீர் ஓட்டியது எல்லாம் இவர். சூடு அடங்க முன்னமே ஒரு கரண்டி அள்ளி ஊதிக் குடித்து, "உறைப்புக் காணாது" என்று இன்னும் கொஞ்சம் இஞ்சிச்சாறு பிழிந்தார். பிறகு பானையில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ரூபி, ஆறிட்டுது."

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அலுமாரியைத் திறந்து ஈஸ்டை எடுத்தேன். ஜன்னலால் பார்த்தால், வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தார்.

"வாளியை மூடியாச்சோ?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இன்னும் இல்லை. நில்லுங்கோ."

நின்றார்.